வெயில் பக்கத்து அடுப்பு

என் தாய்மாமா கப்பலில் சமையல்காரராக இருந்தார். லீவில் ஊருக்கு வந்தால் அளந்து விடுவதற்குக் கணக்கே இருக்காது. கீரனூர் பஸ் ஸ்டாண்டு ஜனம் மொத்தமும் ஏறி உட்காரலாம், அப்படி ஒரு மீனின் முதுகைப் பார்த்தேன் என்பார். ஒரு நாட்டில் பொழுதே சாயாது, அதனால் அந்த ஊர்க்காரர்கள் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவதில்லை என்பார். கடல் தண்ணீரிலேயே சோறு வடித்தால் உப்புச் செலவு மிச்சம் என்று கேப்டனுக்கே யோசனை சொன்னாராம். சின்ன வயதில் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். வளர்ந்த பிறகு, மாமா சொன்னதில் முக்கால்வாசி புளுகு என்று முடிவு கட்டி மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.

போன மாதம் என் மகளின் இங்கிலீஷ் பாடத்தில் லீ என்று ஒரு சொல் வந்தது. அவள் கேட்டபோது எனக்கு என்னவோ தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. மறுநாள் காலை திருச்சிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், நின்றுகொண்டே செல்போனில் அகராதியைத் தேடினேன். காற்றடிக்கும்போது ஏதாவதொன்று குறுக்கே நின்று மறைத்துக் கொடுக்கிற பக்கம். பழைய காலத்தில் அதற்கு ஒதுங்குமிடம் என்றே பொருள். வடக்கே குளிர்க் கடலோரத்து ஜனங்களின் பேச்சிலிருந்து மாலுமிகள் வாய்க்கு வந்தது. கதகதப்பைக் குறிக்கும் ஒரு பழஞ்சொல்லுக்கு உறவாகவும் இருக்கலாம் என்று போட்டிருந்தது. படித்ததும் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு எட்டி நின்றுகொண்டார். அவருக்கு என்ன தெரியும்? இத்தனையையும் மாமா எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் மடியில் உட்கார்ந்து கேட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, ஆசாரி என் காதைக் குத்திக்கொண்டிருந்தார்.

ஒன்பது வயதில் காது குத்துவதா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பேச்சு வருவதற்கு முன்பே குத்திவிடுவார்கள். எனக்கு மட்டும் தள்ளிக்கொண்டே போனது. காரணம் என் அம்மா. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அம்மாவுக்குக் கூடப் பிறந்தது இந்த ஒரே தம்பி. தேதி வைக்கும்போதெல்லாம் அவர் ஏதாவதொரு கடலில் இருப்பார். அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இலுப்பூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று அப்பா வீட்டில் சொல்லிப் பார்த்தார்கள். அம்மா அசையவில்லை. என் தம்பி மடியில்தான், இல்லாவிட்டால் இவள் காது இப்படியே இருக்கட்டும் என்றுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் என்னை மொட்டைக்காது என்று கூப்பிட்டார்கள். அதைப் பற்றி நான் ரொம்பக் கவலைப்படவில்லை. ஊசி குத்தாத வரைக்கும் யார் என்ன சொன்னால் எனக்கென்ன?

அப்பா வீட்டார் மாமாவை வேண்டாம் என்றதற்கு வேறொரு காரணம் இருந்தது. அதை நான் காதில் விழுந்ததை வைத்துத்தான் அறிந்திருந்தேன். அம்மாவைப் பெற்ற தாத்தா இறந்தபோது, ஒரே மகனான மாமா வரவில்லை. தந்தி கொடுத்தார்கள், கப்பல் கம்பெனிக்கு டிரங்கால் போட்டார்கள். இரண்டு நாள் பிணத்தைப் போட்டு வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். பல மாதம் கழித்து மாமா வந்தார். தாத்தா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஏன் வரவில்லை என்று அவரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. ஊரில் மட்டும் எல்லோரும் கேட்டார்கள். கடலில் கிடப்பவன் என்ன செய்வான் என்று அம்மா அவர்களிடம் சண்டைக்குப் போவாள். போய்விட்டு வந்து அடுப்படியில் சும்மா நின்றுகொண்டிருப்பாள்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் மாமாவுக்குக் கொஞ்ச நாள் லீவு கிடைத்தது. குலசாமி கோயிலில் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, காது குத்திவிடுவது என்று முடிவானது. எங்கள் குலசாமி இலுப்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டலில் இருக்கிறார். கோயில் என்றால் கட்டடம் கிடையாது. ஒரு சின்னக் காடு, அதற்குள் அரிவாளும் வேலும் மண்குதிரைகளும். அந்தக் காட்டுக்குள் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கக் கூடாது, அடுப்பும் மூட்டக் கூடாது. வெளியே பொட்டலில்தான் பொங்கல் வைக்க வேண்டும். மாசி மாதத்தில் மொத்தப் பங்காளிகளும் வந்து வைப்பார்கள். ஆனி மாதத்தில் யாரும் அந்தப் பொட்டலில் அடுப்பு மூட்டியதில்லை. ஆனியில் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் லாரியில் ஏறிவிட்டோம். மாமா லீவு அப்போதுதானே?

லாரி போய் நின்றதும் பெரியப்பா குதித்து இறங்கினார். அப்பாவின் அண்ணன். எந்தக் காரியத்திலும் அவர் வைத்ததுதான் சட்டம். மாசியில் செய்வதுபோலவே லாரியைக் குறுக்கே நிறுத்தி, அதன் நிழலில் கல்லைக் கூட்டச் சொன்னார். காலை வெயில் கிழக்கே ஏறிக்கொண்டிருந்தது, நிழல் லாரிக்கு மேற்கே விழுந்தது. காற்றும் மேற்கேயிருந்துதான் அடித்தது. ஆனால் எங்கள் சீமையில் ஒதுங்குவது என்றால் வெயிலுக்கு ஒதுங்குவதுதான். நிழல் இருக்கும் இடத்தை விட்டு வேறு எங்கே உட்காருவது? எல்லோரும் காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்தோம்.

மாமன்தான் அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். மாமா கற்பூரத்தைக் கொளுத்தி வைத்தார், அணைந்தது. மறுபடி வைத்தார், தென்னம்பன்னாடை கொஞ்சம் புகைந்துவிட்டு அணைந்தது. சாமிப் பொங்கலுக்கு மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. முறத்தை மறைப்பாகப் பிடித்தார்கள், முறம் பறந்தது. இரண்டு பேர் சேலையை விரித்துப் பிடித்தார்கள், அது பாய்மரம் மாதிரி புடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் அடுப்பு மேலேயே தள்ளிவிடப் பார்த்தது. காட்டில் நாலு கொப்பு வெட்டி மறைக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, பூசாரி பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொட்டலில் காற்றின் கட்சியில் இருந்த ஒரே ஆள் நான். பொங்கல் பொங்கிச் சாமிக்குப் படைத்த பிறகுதான் காது குத்துவார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் பொங்காவிட்டால் அன்றைக்குக் குத்து கிடையாது. மாமா அடுத்த நாளே கிளம்ப வேண்டியவர். ஆசாரி ஒரு ஓரமாகச் சிவப்புத் துணியில் ஊசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சாமியைப் பார்த்துக் கும்பிட்டு, இன்னும் கொஞ்சம் பலமாக அடிக்கச் சொல்லு சாமி என்று வேண்டிக்கொண்டேன். சாமியும் கேட்டார்.

நேரம் போகப் போகப் பெரியவர்கள் பேச்சு குறைந்தது. பெரியப்பா மேற்கே பார்ப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். அப்போதுதான் அத்தை அதைச் சொன்னாள். அப்பாவின் அக்கா அவள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“பெத்தவருக்குக் கொள்ளி வைக்க வராத கை. அந்தக் கை வச்சா அடுப்பு எப்படிப் பத்தும்? சாமிக்கே புடிக்கல. இலுப்பூர்த் தம்பி வந்திருக்குல்ல, அதைப் பத்த வைக்கச் சொல்லுங்க. அது மடியிலயே புள்ளைய வச்சுட்டுப் போவோம்.”

மாமா கையிலிருந்த தீப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு, அக்காவைப் பார்த்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அம்மா பொங்கல் பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். யார் வந்து கேட்டாலும் கொடுக்கப்போவதில்லை என்கிற மாதிரி இருந்தது அவள் பிடி. எனக்கும் திடீரென்று காற்றின் மேலிருந்த பிரியம் குறைந்துவிட்டது. இலுப்பூர் மாமா நல்லவர்தான், ஆனால் அவர் மேல் எப்போதும் மிளகாய் வற்றல் நெடி அடிக்கும். தவிரவும், என் மாமா அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

மாமா எழுந்து லாரியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். போய்விட்டார், கோபித்துக்கொண்டு ரோட்டுக்கு நடக்கிறார் என்றே எல்லோரும் நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் லாரிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“அக்கா, பானையத் தூக்கிக்கிட்டு இங்கிட்டு வா. லீ இங்கிட்டு இருக்கு.”

என்ன இருக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தோம். சுள்ளென்று வெயிலடிக்கிற கிழக்குப் பக்கத்தில் மாமா நின்றுகொண்டு ஒரு தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். குச்சியின் சுடர் கொஞ்சம் தலையாட்டியது, ஆனால் அணையவில்லை. விரலைச் சுடும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு உதறினார்.

பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “வெயில்ல ஒக்காந்து பொங்க வைக்கச் சொல்றியா மாப்ள? கைப்புள்ளைகள் இருக்கு.”

“புள்ளைகள் நெழல்ல இருக்கட்டும் மச்சான். அடுப்புக்கு எதுக்கு நெழலு?”

பெரியப்பா துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டார். அடுத்ததாக டிரைவர் ஒரு முட்டுக்கட்டை போட்டார். டீசல் டேங்க் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அடுப்பு மூட்டினால் லாரி சாமிகிட்டப் போயிடும் என்றார். மாமா உடனே லாரியைத் திருப்பச் சொன்னார். டிரைவர் ஏற, மாமா முன்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி வழி காட்டினார். ஒரு பெரிய கப்பலையே துறைமுகத்துக்குள் கொண்டுவருகிற தோரணை. கப்பலில் அவர் அடுப்படியை விட்டு வெளியே வருவதே அபூர்வம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். லாரி முன்னும் பின்னும் உறுமித் திரும்பிப் பழையபடி காற்றுக்குக் குறுக்கே நின்றது. டேங்க் மேற்கே போய்விட்டது. சக்கரங்களுக்கு நடுவே காற்று நுழையாதபடி தார்ப்பாயைத் தொங்கவிட்டு, கீழே கல் வைத்தார்கள். பத்தடி தள்ளிப் புதிதாக அடுப்பைக் கூட்டினார் மாமா.

அம்மாதான் முதலில் வெயிலுக்குள் போய் உட்கார்ந்தாள். பானையை ஏற்றிவைத்தாள். மாமா கற்பூரத்தைக் கொளுத்தினார்.

பற்றிக்கொண்டது. லாரிக்கு மேலே காற்று ஹோவென்று போய்க்கொண்டிருக்க, இங்கே நெருப்பு நிதானமாக எரிந்தது. அம்மாவின் முகமெல்லாம் வேர்வை ஓடியது. அவள் துடைக்கவில்லை. பானையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுரை எழும்பி விளிம்பைத் தாண்டி வழிந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நேரம் இருக்கிறது என்று தலையை ஆட்டினார். அம்மா அப்போதுதான் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவளுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்திருக்கும். நானோ அவள் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன், ஏனென்றால் ஆசாரி எழுந்து கை கழுவப் போனார்.

மாமா லாரிக்கு இந்தப் பக்கம், காற்றில்லாத இடத்திலேயே மனையைப் போடச் சொன்னார். என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவரிடம் புதுச் சட்டை வாசனையும் புகை வாசனையும் அடித்தன. நான் திமிறினேன். சுற்றி எல்லோரும் வட்டமாக வந்து நின்றுகொண்டார்கள், அத்தையும் வந்தாள்.

“லீன்னா என்னன்னு தெரியுமா மருமகளே?” என்றார்.

தெரியாது என்றேன். ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கப்பல் ரொம்பப் பெரியது, சில இடங்களில் கரைக்கே வராது, நடுக்கடலில் நிற்கும், சின்னப் படகுதான் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகும் என்று ஆரம்பித்தார். காற்றடித்தால் படகு கப்பல் பக்கத்தில் வர முடியாது. அதற்காகக் கேப்டன் கப்பலையே குறுக்கே திருப்பி நிறுத்துவார். காற்று பூராவும் கப்பல் மேல் மோதும், அந்தப் பக்கம் படகுக்குக் காற்றில்லாமல் இருக்கும். அந்த இடத்துக்குத்தான் லீ என்று பெயர். கேப்டன் வடகடல் பக்கத்துக்காரர், அவர்கள் ஊர்ப் பழைய சொல்லாம் அது. ஒதுங்குகிற இடம் என்று அர்த்தமாம். அவர்கள் ஊரில் காற்றில்லாத இடம் என்றாலே சூடான இடம்தானாம், கதகதப்பு என்கிற சொல்லுக்கே இது சொந்தமாம்.

“ஒரு நா எனக்காகவே கப்பலத் திருப்புனாங்க, தெரியுமா?” என்றார்.

நான் நம்பவில்லை. சமையல்காரருக்காகக் கப்பலைத் திருப்புவார்களா?

“நெசமாத்தான். நான் பொட்டியோட ஏணிப் படியில நிக்கிறேன். கீழ படகு வருது. மேல ஏறுது, இந்தா புடிச்சுரலாம்னு கைய நீட்டுறேன், சர்ருன்னு பத்தாள் ஆழத்துக்குப் போயிருது. திரும்ப ஏறுது, திரும்பப் போயிருது. பொட்டியும் நானும் ஊஞ்சலப் பாக்குற மாதிரி மேலயும் கீழயும் பாத்துக்கிட்டு நிக்கிறோம்.”

தலையை மேலும் கீழும் ஆட்டி அவர் அதை நடித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு இருக்கும்போதே ஆசாரி வலது காதில் குத்திவிட்டார். சுருக்கென்றது, அவ்வளவுதான். அழுவதா கதையைக் கேட்பதா என்று ஒரு கணம் திகைத்துவிட்டு, கதை பாதியில் நிற்பது பிடிக்காமல் கேட்டேன்.

“அப்புறம் ஏறுனீங்களா மாமா?”

“இல்லத்தா. கேப்டன் கப்பல இன்னொருக்காத் திருப்பிப் பாத்தாரு. அவரால ஆனத எல்லாம் செஞ்சாரு. அன்னைக்கி அலை அப்படி. படகுக்காரன் கையக் காட்டிட்டுப் போயிட்டான்.”

“பொட்டிய எடுத்துக்கிட்டு எங்க கெளம்புனீங்க?”

“ஊருக்குத்தான். கரைக்குப் போயிட்டா பிளேன் ஏறி மறுநா பொழுதுக்குள்ள வீடு வந்துருப்பேன்.”

அதற்குள் இடது காதும் முடிந்துவிட்டது. நான் அழவே இல்லை. எல்லோரும் என் வீரத்தைப் பார்த்து வாயடைத்து நிற்கிறார்கள் என்று நினைத்தேன். பெரியப்பா செருப்பால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். அப்பா மாமாவின் தோளில் கையை வைத்தார், பிறகு எடுக்கவே மறந்துவிட்டார். அம்மா என்னைத் தூக்க வரவில்லை. அணைந்துபோன அடுப்புக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மாமா மட்டும் என் காதை ஊதிக்கொண்டிருந்தார்.

காதில் தோடு ஏறியதும் எனக்கு உலகமே லேசாகிவிட்டது. ஒன்பது வருஷமாகப் பயந்தது இவ்வளவுதானா என்று கிடாக் கறியை ஒரு பிடி பிடித்தேன். பந்தியில் மாமாவுக்கு அத்தைதான் பரிமாறினாள். அவர் போதும் போதும் என்று கையை மறித்தும், இலையில் கறியை அள்ளி அள்ளி வைத்தாள். “சாப்பிடுங்க தம்பி, சாப்பிடுங்க” என்று அதையே சொன்னாள். அவள் மாமாவைத் தம்பி என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சண்டை போட்டவர்கள் பொங்கல் பொங்கியதும் ராசியாகிவிட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு நான் எலும்பைக் கடித்தேன்.

மறுநாள் மாமா கிளம்பிப் போய்விட்டார். மீனின் முதுகையும் பொழுது சாயாத ஊரையும் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்கிறவர், தாத்தா சாவுக்குக் கிளம்பி நின்ற அந்தப் படகை ஏன் அத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்தார் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. வரப் பார்த்தேன், முடியவில்லை என்று சாவு வீட்டில் யார்தான் சொல்லவில்லை? சாக்கு என்று அக்காவே நினைத்துவிட்டால்?

காது குத்தின அன்றிலிருந்து தினமும் அம்மா என் காதுக்குத் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போடுவாள். வலிக்குது என்று நான் சிணுங்கினால், “அந்தப் படகுக் கதையச் சொல்லு, மாமா எப்படி நின்னாரு?” என்பாள். நான் ஒரு பையைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசப்படியில் ஏறி நின்று, தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டுவேன். பொட்டி கையில இருந்துச்சா என்று கேட்பாள். இருந்தது என்பேன். ஏறத்தான் நின்னானா என்பாள். ஏறத்தான் என்பேன். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள், சிரித்துச் சிரித்துக் கண்ணெல்லாம் நிறைந்துவிடும், முந்தானையால் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொல்வாள். காது ஆறின பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமாவைவிட நான் நன்றாகக் கதை சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.